கரிசலில் கைதான படகு

அன்புள்ள மருமகள் ஐஸ்வர்யாவுக்கு,

கோவில்பட்டியிலிருந்து உன் தாய்மாமன் நவநீதகிருஷ்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று உன் அம்மா சுதாராணி போனில் சொன்னாள். அவள் சொல்வதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். கடலைமிட்டாய்ப் பார்சல் அனுப்பி நாளாகிறது. வந்து சேரவில்லை என்றால் கூரியர்காரரைக் குறை சொல்வதற்கு முன்னால் உன் விடுதி வாட்ச்மேனின் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்.

சென்னையில் கப்பல் வழக்குகள் நடத்துகிற சீனியரிடம் நீ ஜூனியராக இருப்பதால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் பாதியில் நீ சிரித்துவிடுவாய். அதன் பிறகு மீதியைச் சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு ஆளுடைய இந்த வருஷத்து வெள்ளாமையே இதில் மாட்டிக்கொண்டிருந்தது. ஆகையால் நிருபராக இருந்த காலத்தில் எழுதியது போலவே, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நாகலாபுரத்துக்குத் தெற்கே நமக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறதே, அதை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, பார்க்கிறவர் கருத்தப்பாண்டி; அதை ஒட்டி அவருக்குச் சொந்த நிலமும் உண்டு. அந்தச் சின்ன ஊரில் டிராக்டர் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். இந்த ஐப்பசியில் மழை நன்றாக விழுந்தது. கரிசலில் மழை பெய்தவுடன் காலை வைக்க முடியாது. நன்றாகக் காய்ந்த பிறகு வைத்துப் பயனில்லை. நடுவில் சில நாள், மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டு, விட்டால் உதிர்கிற ஒரு பதம் வரும். அதற்குள் உளுந்தை விதைத்துவிட வேண்டும். நிலத்தைக் கோடையிலேயே உழுதுபோட்டு, விதையை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, கருத்தப்பாண்டி அந்தப் பதத்துக்காகக் காத்திருந்தார். அந்த நேரத்தில்தான் படகு வந்தது.

படகு ஜேம்ஸ்ராஜ் என்பவருடையது. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு சின்னக் கரையில் மீன்பிடிக்கிறவர். மண்டபம் பக்கம் இருக்கும் மச்சினனோடு சேர்ந்து கொஞ்ச காலம் தொழில் பார்க்கலாம் என்று கிளம்பியிருக்கிறார். கடல் கொந்தளிப்பாக இருக்கிறது, தரை வழியாகப் போவதுதான் படகுக்குப் பத்திரம் என்று முடிவுசெய்து, தன்னுடைய பைபர் படகை லாரியில் ஏற்றி, கூடத் தொழில் பார்க்கும் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். கடற்கரைச் சாலையில் ஒரு தரைப்பாலம் முங்கிக் கிடந்தது. லாரி டிரைவர் சக்திகுமாருடைய செல்போன் வேறு வழி காட்டியது. அது நம் நிலம் இருக்கிற ஊரின் வண்டிப்பாதை. பாதை எது, பருத்திக்காடு எது என்று ஊர்க்காரர்களுக்கே அந்த மழையில் தெரியாது. செல்போனுக்கு எப்படித் தெரியும்? ஓடைக்கு இந்தப் பக்கம் லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டது. ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

முதலில் போய்ச் சேர்ந்தவர் மீனாட்சியம்மாள். கருத்தப்பாண்டிக்கு மதினி முறை, பக்கத்துக் காட்டுக்காரர். கதவு சேற்றில் அமுங்கிக்கொண்டதால் உள்ளே மாட்டியிருந்த சக்திகுமாரைச் சன்னல் வழியாக இழுத்து வெளியே போட்டது அவர்தான். பிறகு, அடுப்பெரிக்க அடுக்கி வைத்திருந்த தம்முடைய பருத்திமார், அதாவது காய்ந்த பருத்திக் குச்சிப் படப்பு முழுவதையும் சக்கரத்துக்கு அடியில் போடச் சொன்னார். கரிசல் அதை விழுங்கியது. அதன் பிறகுதான் கருத்தப்பாண்டி டிராக்டருக்கு இரும்புக்கூண்டுச் சக்கரம் மாட்டிக்கொண்டு வந்தார். படகையும் லாரியையும் சேர்த்து இழுக்க முடியாது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லி, படகை மட்டும் லாரியிலிருந்து சரித்து, பருத்திமார் கிடந்த இடத்தில் இறக்கி, சேற்றின் மேலேயே கட்டி இழுத்தார். அது வழுக்கிக்கொண்டு வந்தது. தண்ணீரில்கூட அவ்வளவு சுகமாகப் போனதில்லை என்று ஜேம்ஸ்ராஜே பின்னால் ஒத்துக்கொண்டார். ஊர் மேட்டில் படகு ஏறிய கணத்தில் டிராக்டரின் பின் அச்சு முறிந்தது. சுமை குறைந்த லாரியை மறுநாள் ஊரே வடம் போட்டு இழுத்து வெளியே விட்டது. சக்திகுமார் வேறு லோடு இருக்கிறது என்று சொல்லிவிட்டு, படகை அங்கேயே விட்டுவிட்டு, நல்ல பாதையாகப் பார்த்துப் போய்விட்டார்.

இதுவரை எல்லாம் சரி. இனிமேல் வருவது என்னால் வந்தது. நிலத்தைப் பார்க்கப் போனவன் டீக்கடையில் உட்கார்ந்தேன். துறைமுகச் செய்திகளும் கப்பல் வழக்குகளும் எழுதிய பழக்கத்தில், கடலில் ஆபத்திலிருக்கும் கப்பலைக் காப்பாற்றியவனுக்குச் சட்டப்படி வெகுமதி உண்டு, கொடுக்காவிட்டால் முதலாளியைத் தேடிக்கொண்டு அலைய வேண்டாம், நீதிமன்றம் கப்பலையே கைது செய்து நோட்டீஸ் ஒட்டிவிடும் என்று சொல்லிவைத்தேன். டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்த சங்கதி. மறுநாள் காலையில் பார்த்தால், சமுதாய நலக்கூடத்துக்கு முன்னாலுள்ள வேப்பமரத்தில் படகு சங்கிலியால் கட்டப்பட்டு, பக்கவாட்டில் சுண்ணாம்பால் 'கைது' என்று எழுதப்பட்டிருந்தது. அடியில் இரண்டு வெள்ளாடுகள் மழைக்கு ஒதுங்கியிருந்தன. நாகலாபுரத்திலிருந்து ஆட்கள் வந்து அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

சட்டத்தைச் சொன்னவர்தான் தீர்ப்பையும் சொல்ல வேண்டும் என்று இரண்டு தரப்பும் என்னைப் பிடித்துக்கொண்டன. கருத்தப்பாண்டி என் நிலத்தைப் பார்க்கிறவர், அவர் விதைத்தால் எனக்கும் வாரம் வரும், ஆகவே நான் நீதிபதியாக இருக்கத் தகுதியில்லாதவன் என்று எழுந்து நின்று சொன்னேன். ஜேம்ஸ்ராஜ், "பரவால்ல அண்ணாச்சி, நீங்க இல்லன்னா அந்த அம்மா வந்து உக்காந்திருவாவ" என்று மீனாட்சியம்மாளைக் காட்டினார். நலக்கூடத்தில் விசாரணை தொடங்கியது.

முதல் கேள்வி, படகு உண்மையிலேயே ஆபத்தில் இருந்ததா என்பது. ஆபத்து இல்லையென்றால் வெகுமதி இல்லை. அது உனக்குத் தெரிந்ததுதான். ஜேம்ஸ்ராஜ் எழுந்தார்.

"அண்ணாச்சி, ஓடையில வெள்ளம் வந்திருந்தா லாரி முங்கியிருக்கும். எம் போட்டு மிதந்திருக்கும். தண்ணி வருதுன்னு போட்டுக்கு ஆபத்துன்னு சொன்னா எங்க கரையில வாயால சிரிக்க மாட்டாவ."

"மிதக்கும்வே," என்றார் கருத்தப்பாண்டி. "மிதந்து எங்க போவும்? நேரா சீமைக்கருவைக்குள்ள போயி முள்ளுல சொருவும். அங்கன போயி வலை வீசுவீரா?"

ஆபத்து இருந்தது என்று முடிவு செய்தேன்.

அடுத்தது, உரிமையாளர் நியாயமான காரணத்தோடு உதவி வேண்டாம் என்று சொன்ன பிறகும் வலியப் போய்க் காப்பாற்றினால் வெகுமதி கிடையாது என்பது.

"நான் வேண்டாம்னு சொன்னேன்லா? கிரேன் வருதுன்னு சொன்னேன்லா?" என்றார் ஜேம்ஸ்ராஜ்.

"சொன்னீரு. சொல்லிக்கிட்டே கைலிய மடிச்சுக் கட்டிட்டுப் பின்னால நின்னு தள்ளுனது யாரு?" என்றார் கருத்தப்பாண்டி.

கிரேன் வந்ததா என்று விசாரித்தேன். அது விளாத்திகுளத்தைத் தாண்டவில்லை. மறுப்பு செல்லாது என்றேன். இந்த நேரத்தில் சக்திகுமார் போனில் வந்து, ஸ்டீரிங்கைத் தானே பிடித்திருந்ததால் தனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்றார். "நீ பிடிச்சதுனாலதானலே இங்கன வந்து மாட்டுச்சு!" என்று கூடம் முழுக்கச் சத்தம் போட்டது. சத்தம் அடங்கியபின், கப்பலைப் பார்த்துக்கொள்ளக் கடமைப்பட்ட மாலுமி அந்தக் கடமையைச் செய்ததற்காக வெகுமதி கேட்க முடியாது, சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய டிரைவருக்கும் அதுதான் என்று விளக்கினேன். அவர் போனை வைத்துவிட்டார்.

பிறகு பொருளின் மதிப்பு. காப்பாற்றிய பொருள் எவ்வளவு பெறுமோ அதற்கு மேல் எந்த நீதிமன்றமும் வெகுமதி கொடுக்காது. இதைச் சொன்னதும் ஜேம்ஸ்ராஜுடைய முகம் மாறியது. முந்தின நாள் டீக்கடையில், இது மாதிரி படகு பாம்பன் வரைக்கும் கிடையாது என்று சொன்னவர், "இதுவா அண்ணாச்சி? அஞ்சாறு இடத்துல ஒட்டுப் போட்டது. இஞ்சின் இருமும். கரையில போட்டா கோழி அடையக்கூட ஆவாது" என்று தொடங்கினார். கருத்தப்பாண்டியோ படகைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்து, "என்ன பலம்! கட்டுனவன் கையிக்குத் தங்கக் காப்பு போடணும்" என்றார். உடையவன் தன் பொருளை மட்டம் தட்டுவதையும், எதிராளி அதைப் புகழ்வதையும் துறைமுக வழக்குகளில் பல தடவை கேட்டிருக்கிறேன். கோட்டுப் போட்ட வக்கீல்கள் பேசும்போது அது இவ்வளவு தெளிவாக விளங்கியதில்லை. நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

மீனாட்சியம்மாள் விவகாரம்தான் கடினம். பொருளைக் காப்பாற்றினால்தான் வெகுமதி, ஆளைக் காப்பாற்றியதற்குத் தனியாக ஒன்றும் கிடையாது என்று நான் சொன்னதும் அவர் எழுந்துவிட்டார்.

"என்னய்யா சட்டம் இது? ஒரு உசுரச் சன்னல் வழியா இழுத்துப் போட்டேன். அதுக்கு ஒண்ணும் இல்ல. இந்தத் தகரத்த இழுத்தவனுக்குப் பங்கா?"

"தகரம் இல்லம்மா, பைபர்," என்றார் ஜேம்ஸ்ராஜ்.

"நீரு உக்காரும்!"

உயிரைக் காப்பாற்றுவது மனிதனாகப் பிறந்த எல்லோருக்கும் கடமை, அதற்கு விலை வைக்கக் கூடாது என்பதால் சட்டம் அப்படி இருக்கிறது. ஆனால் அதே ஆபத்தில் பொருளும் தப்பியிருந்தால், அந்த வெகுமதியில் உயிரைக் காத்தவருக்கும் நியாயமான பங்கு உண்டு என்று மெதுவாகச் சொன்னேன். அவருடைய பருத்திமார் லாரியைக் காப்பாற்றவில்லை என்றாலும் படகு இறங்க மெத்தையாக இருந்தது. அதற்கும் சேர்த்து ஏதாவது கேளுங்கள் என்றேன். கருவாடு தருகிறேன் என்றார் ஜேம்ஸ்ராஜ். "கருவாட்ட வச்சு அடுப்பெரிக்கவா?" என்றார் அம்மாள். கடைசியில், படகில் கிடந்த ஒரு பழைய வலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். காட்டைச் சுற்றிக் கட்டினால் பன்றியும் மயிலும் உள்ளே வராது. அந்தக் கணக்கு அத்தோடு தீர்ந்தது.

வலையை மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டவர், அதே மூச்சில் கருத்தப்பாண்டியின் பக்கம் திரும்பினார்.

"ஏலே, நான் எரிக்கதுக்கு இல்லாம நிக்கேன், வாங்கிக்கிட்டேன். நீ என்னலே? என்னைக்கு நம்ம ஊருல மாட்டுன வண்டிய இழுத்துட்டுக் கை நீட்டுனோம்?"

இது உண்மை. கரிசலில் மழைக்கு மாட்டிய வண்டியை இழுத்துவிட்டு யாரும் கூலி வாங்குவதில்லை. இன்றைக்கு அவன் வண்டி, நாளைக்கு நம் வண்டி. கருத்தப்பாண்டி இதற்குச் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"லாரிய இழுத்ததுக்கு ஒரு டீ வாங்கிக் குடிச்சேனா மதினி? லாரி நம்ம வழக்கம். போட்டு அவிய வழக்கம். அவிய சாமான அவிய சட்டப்படி பாக்கதுதான மரியாத?"

அவர் வாதத்துக்குப் பின்னால் முறிந்துபோன அச்சு இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைச் சரிசெய்யச் சாமான் மதுரையிலிருந்து வர வேண்டும். வருவதற்குள் பதம் போய்விடும். வாடகை டிராக்டர் கேட்டால், எல்லாக் காட்டிலும் ஒரே நேரத்தில் விதைப்பு என்பதால், பேர் எழுதிவைத்துக்கொண்டு காத்திருக்கச் சொல்லுகிறார்கள். போன வருஷம் மழை இல்லை. இந்த வருஷம் மழை இருந்தும் விதைக்கவில்லை என்றால், அவர் வீட்டோடு திருப்பூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். அதை அவர் வாயால் சொல்லவில்லை. படகைக் கட்டிப்போட்டார்.

நீதிமன்றங்கள் இந்த வெகுமதியைக் கூலிக் கணக்காகப் பார்ப்பதில்லை என்று விளக்கினேன். காப்பாற்றப் போனவன் எந்த அளவு ஆபத்துக்குள் இறங்கினான், என்ன சாமர்த்தியம் காட்டினான், எவ்வளவு சீக்கிரம் வந்தான், அவன் கருவிக்கு என்ன சேதம் என்றெல்லாம் பார்த்து, கொஞ்சம் தாராளமாகவே கொடுப்பார்கள். நாளைக்கு இன்னொரு கப்பல் தத்தளிக்கும்போது, பார்க்கிறவன் நமக்கென்ன என்று போய்விடக் கூடாது அல்லவா?

"அப்ப அடுத்த போட்டு மாட்டும்போது வாரவனுக்கும் சேத்து இப்பவே குடுக்கணும், அப்படித்தான அண்ணாச்சி?" என்றார் கருத்தப்பாண்டி.

"அடுத்த போட்டு இங்கன எந்த வருசம்வே வரும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

நான் ஜேம்ஸ்ராஜைப் பார்த்து, சட்டத்தை விடுங்கள், உங்கள் கரையில் என்ன முறை என்று கேட்டேன். இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

"எங்க கரையில கோர்ட்டெல்லாம் கெடையாது அண்ணாச்சி. இஞ்சின் நின்னு கெடக்கவனக் கட்டி இழுத்துட்டு வந்தா ஒண்ணும் வாங்க மாட்டோம். ஆனா இழுத்துட்டு வந்தவனுக்கு அன்னைக்குத் தொழில் போச்சில்லா? அதுனால இவன் அவன் வள்ளத்துல ஏறி ஒரு நாளு தொழில் பாத்துக் குடுக்கணும். கேக்காமலே போயி நிக்கணும்."

"உங்களை இழுத்ததில் இவருக்குப் போன தொழில் என்ன?" என்று கேட்டேன்.

ஜேம்ஸ்ராஜ் வாசலுக்கு வெளியே, ஈரமாகக் கிடந்த காட்டைப் பார்த்தார். "விதைப்பு," என்றார்.

தீர்ப்பை அதிலேயே அவர் சொல்லிவிட்டார். நான் வாசித்தது மட்டும்தான். ஜேம்ஸ்ராஜும் அவருடைய ஆட்களும் கருத்தப்பாண்டியின் நிலத்தை விதைத்துக் கொடுக்க வேண்டும். விதைத்து முடிந்ததும் படகுக்கு விடுதலை.

"இவிய கடல்ல நிக்கிற ஆளு. வரிசையா சாலு பிடிச்சு விதைக்கத் தெரியுமா?" என்று கருத்தப்பாண்டி என்னிடம் கேட்டார்.

"போட்ட இழுக்க உமக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார் ஜேம்ஸ்ராஜ்.

பதம் வந்த காலையில் அவர்கள் காட்டில் இறங்கினார்கள். வலையின் மேல்கயிற்றில் வரிசையாக மிதவை இருக்கும் அல்லவா, அதை அப்படியே காட்டுக்குக் குறுக்கே இழுத்துக் கட்டினார்கள். மிதவைக்கு ஒரு குழி, நடுவில் ஒரு குழி. கம்பால் குத்திக்கொண்டே போக வேண்டும். விதை எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று ஒருவர் கேட்டார். விரல் ஆழம் என்றார் கருத்தப்பாண்டி. "இவ்வளவு கொறஞ்ச ஆழத்துல நாங்க தொழிலுக்குப் போனதே இல்லையே," என்று கேட்டவர் கவலைப்பட்டார். கருத்தப்பாண்டி கூடவே நடந்து, குழியை மூடாமல் போகிறவர்களை வைதார். அவர்கள் திரும்ப வைதார்கள். கருத்தப்பாண்டிக்கு விளங்காத சில வார்த்தைகள் அதில் இருந்ததால் சண்டை வரவில்லை. ஓரத்தில் நம் துண்டு நிலத்தையும் சேர்த்து விதைத்துவிட்டுத்தான் கரையேறினார்கள். சங்கிலி அவிழ்க்கப்பட்டது.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது. கடல் கண்ணுக்கே தெரியாத இடத்தில் கடல் சட்டத்தை வைத்துப் படகைக் கட்டிப்போட்டது செல்லுமா? வாரம் வாங்குகிற நான் சொன்ன தீர்ப்பு நிற்குமா? வெகுமதியைப் பணமாக இல்லாமல் வேலையாகக் கொடுக்கச் சொல்லலாமா? உன் சீனியரிடம் மெதுவாக, என் பெயரையும் படகு நின்ற இடத்தையும் சொல்லாமல் விசாரித்து, ஒரு கருத்து எழுதி அனுப்பு. நலக்கூடத்தில் வாசித்துக் காட்டிவிட்டால், என் மேல் யாருக்கும் மனக்குறை இருக்காது.

நீ எடுத்த வழக்கெல்லாம் உன் பக்கம் நிற்கட்டும். பூவனநாத சுவாமி சன்னதியில் உன் பேருக்கு அர்ச்சனை செய்தாயிற்று. உன் அத்தை, தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னாள். அம்மாவை வாரத்துக்கு ஒரு தடவை நீயே கூப்பிடு. அவளாகக் கூப்பிட்டால் நேரம் அதிகமாகும்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் மாமன்,
நவநீதகிருஷ்ணன்

பி.கு.: மழையால் கடிதத்தைத் தபாலில் போட முடியவில்லை, அதற்குள் நிலைமை தலைகீழாகிவிட்டது. விதைத்து முடித்த மறுநாளே மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. வாடகை டிராக்டர்கள் நாகலாபுரத்திலேயே நின்றுவிட்டன. ஊரில் காலத்தில் விதை விழுந்தது கருத்தப்பாண்டி காட்டில் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாம் இனி பிந்தித்தான் விதைக்க வேண்டும். உளுந்து முளைத்து வரிசை வரிசையாக நிற்கிறதாம். அவர் இன்று காலையில் பஸ் ஏறி நம் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆபத்தில் இருந்த தன் வெள்ளாமையை ஜேம்ஸ்ராஜ் காப்பாற்றிவிட்டார், அதன் மதிப்பு படகைவிட அதிகம், ஆகவே வெகுமதி பெற வேண்டியவர் அவர்தான், விளைச்சலில் ஒரு பங்கு அவருக்கு என்று எழுதிக் கொடுங்கள் என்கிறார். லாரி வர வழியில்லாமல் நலக்கூடத்தில் தங்கியிருக்கும் ஜேம்ஸ்ராஜிடம் போனில் பேசினேன். "விதைப்பு கடல் சமாச்சாரமா அண்ணாச்சி? நெலத்துச் சமாச்சாரம்லா. உங்க வழக்கப்படி அதுக்குக் கை நீட்டக் கூடாது," என்று சொல்லிவிட்டு, வாங்க முடியாது என்று வைத்துவிட்டார். ஆகையால் மேலே கேட்ட கேள்விகளை எல்லாம் அடித்துவிடு. கேள்வி ஒன்றுதான்: காப்பாற்றியவன் வெகுமதி வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தால், வாங்கித்தான் ஆக வேண்டும் என்று காப்பாற்றப்பட்டவன் வழக்குப் போட முடியுமா? சீக்கிரம் எழுது. கருத்தப்பாண்டி முன் அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பதில் தெரியாமல் ஊருக்குப் போக மாட்டேன் என்கிறார். உன் அத்தை மூன்று பேருக்கு உலை வைத்துவிட்டாள்.